குமிழ் மேல் இருந்த விரல்

ஜூன் 4

தம்பிக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன். பொய்யாகப் பட்டது, அடித்துவிட்டேன். மேலே தெரிகிற கிறுக்கல் அதுதான்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால், "அக்கா, சிக்னல் இல்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். நேரில் வரலாம் என்றால், தேர்தலில் ஜெயித்த நாளிலிருந்து நான் எங்கே போனாலும் பின்னாலேயே நாலு பேர் வருகிறார்கள். அதனால்தான் காகிதம். இதில் நீ திருகிச் சத்தத்தைக் குறைப்பதற்குக் குமிழ் எதுவும் இல்லை.

கேள்வி ஒன்றுதான். கடைசிப் பொதுக்கூட்டத்தில், ஆலைக் குடியிருப்பு மைதானத்தில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கை ஏன் அணைத்தாய்?

அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டேன். "கரண்ட் போச்சுக்கா" என்றாய். கரண்ட் போனால் கட்சிப் பாட்டு எப்படியடா வந்தது? பாட்டு மட்டும் மண்ணெண்ணெயிலா ஓடுகிறது?

அந்த ஒரு வரியைச் சொல்ல நான் எத்தனை நாள் தண்ணீர் இறங்காமல் கிடந்தேன் என்பது உனக்குத் தெரியும். மூடிக் கிடக்கிற ஆலையைத் திறந்து வைப்பேன் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டேன். எனக்கு முன்னால் நின்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள், எதிரில் நின்ற தாடிக்காரரும் அதைத்தான் சொன்னார். கடைசி மேடையிலாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஏறினேன். "ஆலை திறக்காது" என்றேன். அவ்வளவுதான், என் குரல் செத்துவிட்டது. அடுத்த நொடி எல்லாக் குழாய் ஸ்பீக்கரிலும் பாட்டு. நான் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கிறேன், ஜனங்கள் கூட்டம் முடிந்தது என்று கைதட்டுகிறார்கள்.

ஜெயித்துவிட்டேன். பெரிய வித்தியாசம். கட்சிச் செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "கடைசிக் கூட்டத்துல சுருக்கமா முடிச்சீங்க பாருங்க, அதாம்மா அரசியல்" என்கிறார். எனக்கு அந்தக் கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

பதில் எழுது. கரண்ட் கதை வேண்டாம்.

அக்கா


ஜூன் 9

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இத்தனை வேலைக்கு நடுவில் மைக் செட் வாடகைக்கு விடுகிற ஒரு சாதாரண மனிதனுக்குக் கடிதம் எழுத நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. மாமாவுக்கு முட்டிவலி தேவலையா? தங்கள் பின்னால் வரும் நாலு பேரும் நலமா?

மரியாதை இத்துடன் முடிந்தது. இனி நீ, நான்தான்.

கரண்ட் போகவில்லை. அது பொய். கட்சிக்காரர்கள் சுற்றி நிற்கும்போது வந்து சட்டையைப் பிடிக்கிற மாதிரி கேட்டால் வேறென்ன சொல்வது? நான்தான் அணைத்தேன். ஏன் அணைத்தேன் என்பதை நீயே உன்னிடம் கேட்டுக்கொள். நீதானே அக்கா கண்ணாடியைக் கழற்றினாய்?

மறந்துவிட்டதா? உன் முதல் கூட்டத்தில் இருமல் வந்து, அதை நாலு தெருவும் கேட்டு, ஜனங்கள் சிரித்தார்களே. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நீயே சொன்ன ஏற்பாடு: "டேய், நான் கண்ணாடியக் கழட்டினா, எனக்கு முடியலன்னு அர்த்தம். சத்தத்தக் குறைச்சுட்டுப் பாட்டப் போட்டுடு." பிரசாரம் முழுக்க அப்படித்தானே செய்தோம். சந்தையில் அந்த மீன் விற்கிற அம்மா சாக்கடையைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டபோது கழற்றினாய், போட்டேன். பஸ் நிலையத்தில் புள்ளிவிவரம் மறந்துபோய்க் கழற்றினாய், போட்டேன். அப்போதெல்லாம் "நல்ல வேளைடா" என்றாய். இப்போது மட்டும் நான் கொலைகாரனா?

சரி, நான் அணைக்கவில்லை என்றே வைத்துக்கொள். என்ன ஆகியிருக்கும்? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நீ மேடைக்கு முன்பக்கம் நிற்கிறவள். நான் பின்பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்கிறவன். எல்லாக் கட்சிக்கும் நான்தான் செட் போடுகிறேன். போன தேர்தலில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா? இந்த ஊரில் பாதிப் பேரைப் பிழைக்க வைத்த மனிதர். அவர் மேடையேறி, "நம்ம ஊருக்கு ஆபரேஷன் தியேட்டர் வராது. கட்டடம் கட்டலாம், ஆள் வரமாட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒழுங்கா ஒரு பஸ் விடறேன், அது என்னால முடியும்" என்றார். அவர் மைக்கில் விழுந்த கூட்டத்தின் சத்தம் அப்படியே என் காதுக்கு வந்தது. முதலில் ரெண்டு இருமல். அப்புறம் நாற்காலி இழுபடுகிற சத்தம். அப்புறம் எங்கோ குழந்தையை அதட்டுகிறார்கள். யாரும் கோபப்படவில்லை, கத்தவில்லை. சங்கடப்பட்டார்கள். சங்கடப்படுத்தியவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? கடைசியில் வந்தார். மாடி மாடியாக ஆஸ்பத்திரி கட்டித் தருகிறேன் என்று வாய் கிழியப் பேசியவன் ஜெயித்தான். கட்டடத்துக்கு அடிக்கல் நட்ட இடத்தில் இப்போது ஆடு மேய்கிறது, அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜனங்கள் உண்மை வேண்டும் என்று கேட்பது விருந்தாளி "எதுவும் வேண்டாம்" என்பது மாதிரிதான். அதை நம்பி சும்மா இருந்துவிட்டால் வெளியே போய்த் திட்டுவார்கள்.

உன்னை ஜெயிக்க வைத்தது கட்சி இல்லை, உன் பேச்சும் இல்லை. என் விரல்தான். நன்றி சொல்ல வேண்டாம், திட்டாமல் இருந்தால் போதும்.

தம்பி


ஜூன் 13

விரல்காரனுக்கு,

நல்ல வேளை, எல்லாப் பெருமையும் உன் விரலுக்கே என்று சொல்லிவிட்டாய். அடுத்த தேர்தலில் அதையே நிறுத்திவிடலாம். பேசாது, இருமாது.

கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினேனடா. கண்ணில் தண்ணீர் வந்து எதிரில் ஒன்றும் தெரியவில்லை. நான் இருமினேனா? தடுமாறினேனா? யாராவது என்னைக் கேள்வி கேட்டார்களா? தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி கண்ணைத் துடைப்பதற்கும், முடியாமல் போய்க் கை காட்டுவதற்கும் வித்தியாசம் தெரியாதவனா நீ? கூட்டத்தில் எவன் நாற்காலியை இழுக்கிறான் என்று ஹெட்போனில் கேட்டே சொல்கிற ஆள்!

நீயும்தானே என்னோடு ஆலைக்குள் வந்தாய். மனு தாக்கல் செய்வதற்கு முன்னால், காவலாளி பக்கக் கதவைத் திறந்துவிட்டாரே. உள்ளே என்ன இருந்தது? நூற்பு இயந்திரங்கள் வரிசை வரிசையாக நின்ற இடத்தில் தரையில் போல்ட் துளைகள் மட்டும் இருந்தன. கூரையில் புறா. இயந்திரங்களைப் பிரித்து, வேறெங்கோ விற்று, லாரியில் ஏற்றி எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். நான் அங்கே டைம் ஆபீஸில் எத்தனை வருடம் உட்கார்ந்து ஆட்கள் வருவதையும் போவதையும் பதிந்தவள். நான் குனிந்து ஒரு துளையைத் தொட்டுப் பார்த்தேன். நீ கையைத் தட்டிப் பார்த்தாய். எதிரொலி வந்ததும், "கூட்டம் போட நல்ல ஹால்க்கா" என்றாய். அங்கேயே உன்னை அறைந்திருக்க வேண்டும்.

சரி, ஏன் சொல்லத் துடித்தேன் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் புது ஆலை. பழகின கைகள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள், மே மாதக் கடைசி வரைக்கும்தான். நம் குடியிருப்பிலிருந்து யார் போனார்கள்? விரல் விட்டு எண்ணலாம். மற்றவர்கள் ஏன் போகவில்லை? நான் திறந்து வைக்கப்போகிறேன் என்று! அந்த மைதானத்தில் அந்த ஒரு வரி கேட்டிருந்தால் மறுநாள் காலையில் பஸ்ஸில் இடம் கிடைத்திருக்காது. இப்போது அங்கே எடுத்து முடித்துவிட்டார்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்றும் கேட்டுக்கொள். காலையில் என் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்கிறார்கள். ஆலை மூடி ஆறு வருடமாகியும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். "எப்பம்மா ஆலைச் சங்கு ஊதும்?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்கிறேன் தெரியுமா? "பேசிட்டு இருக்கோம்." செயலாளர் சொல்லிக் கொடுத்த வார்த்தை. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை, பல்லில் ஒட்டிக்கொள்கிறது.

நேற்று அந்த வரிசையில் உன் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள், அவள் கழுத்திலும் ஆலை அட்டை. உள்ளே வா என்றேன், வரவில்லை. முறை வரும்வரை காத்திருந்து, மற்றவர்கள் மாதிரியே கேட்டாள். "அண்ணி, மழைக்கு முன்னாடி ஆலையத் திறந்துடுவாங்கன்னு இவர் சொல்றார். நெஜமா?"

நீ அவளிடம் சொல்லவே இல்லையா? வெறும் தரையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, அதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, மழைக்கு முன்னால் திறக்கும் என்றா சொல்லி வைத்திருக்கிறாய்?

பதில் சொல். கண்ணாடியைப் பற்றி வேண்டாம். அவளைப் பற்றிச் சொல்.

அக்கா


ஜூன் 18

அக்கா,

என் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதே. உன் தொகுதி என் வாசற்படியோடு முடிந்துவிடுகிறது.

அவள் கேட்டாள் அல்லவா, நீ என்ன சொன்னாய்? அதை மட்டும் நைசாக விட்டுவிட்டாய். நானே சொல்கிறேன். "பேசிட்டு இருக்கோம்" என்றாய். சரிதானா? எனக்கு நியாயம் சொல்ல வந்துவிட்டாள், பெரிய அரிச்சந்திரன் தங்கை.

கண்ணாடியைப் பற்றித்தான் பேசுவேன், நீ வேண்டாம் என்றாலும். துடைக்கக் கழற்றினாயா? துடைக்கிறவள் துணியைத் தேடுவாள். நீ தேடவில்லை. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பி, மேடைக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தாய். ஜனங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். அந்த நேரத்தில் உன் மூச்சு ஹெட்போனில் எப்படிக் கேட்டது தெரியுமா? சின்ன வயதில் கிணற்றுக்குள் இறங்கிவிட்டு ஏறத் தெரியாமல் நின்றாயே, அந்த மூச்சு. காப்பாற்று என்று பார்த்தாய், காப்பாற்றினேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். பாட்டு வந்தது, சரி. உனக்குத் தொண்டை இல்லையா? கையை உயர்த்தி, "நிறுத்துங்கப்பா, நான் இன்னும் முடிக்கல" என்று கத்தியிருந்தால் நான் என்ன உன் வாயில் துணியையா அடைத்திருப்பேன்? ஓட்டுப் போட அதற்கு மேலும் நாள் இருந்தது. வீடு வீடாகப் போனாய். ஒரு வீட்டிலாவது அந்த வரியைச் சொன்னாயா? பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தாரே, அவரிடம்?

சொல்லவில்லை. பாட்டு வந்ததும் என்ன செய்தாய் என்று நான் சொல்லட்டுமா? ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினாய். சிரித்தாய். அந்தப் படம்தான் இப்போது உன் அலுவலகச் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறது, போய்ப் பார்.

உண்மையைச் சொன்னேன் என்ற நிம்மதியும் வேண்டும், அது யார் காதிலும் விழவும் கூடாது. இது ரெண்டும் சேர்ந்து கிடைக்க ஒரு ஏமாளி தேவைப்பட்டான். தம்பி கிடைத்தான். செட்டை இழுத்துக்கொண்டு வந்து, செய்வதையும் செய்துவிட்டு, இப்போது திட்டும் வாங்கிக்கொள்கிறான்.

இனி உன் கூட்டத்துக்கு என் செட் வராது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 23

தம்பிக்கு,

அந்தப் படத்தைப் போய்ப் பார்த்தேன். கழற்றி வைத்துவிட்டேன். உதவியாளர், "ஃபிரேம் போட்டது நல்லா இல்லயாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம், கையை ஆட்டினேன். ஆமாம், வீடு வீடாகப் போனபோது வாய் வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் கொடுத்து, "நீ வந்தா திறந்துடுவம்மா" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறவர்களிடம் என்னடா சொல்வது? தாடிக்காரர் பொய் சொல்வது பதவிக்கு. நான் சொன்னது அந்த முகம் வாடக்கூடாது என்பதற்கு. ரெண்டும் ஒரே பொய்தான் என்று எனக்கே தெரிகிறது. நீ வேறு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி உன்னைப் பார்த்ததும் உண்மை. ஏன் பார்த்தேன் என்று நீ கேட்கவே இல்லை, நீயே ஒரு முடிவு கட்டிக்கொண்டாய். தலையை ஆட்டி, "சொல்லுக்கா" என்பாய் என்று நினைத்தேன். அந்த மைதானத்தில் இருந்தவர்களில் ஆலைக்குள் போய்ப் பார்த்த இன்னொரு ஆள் நீ ஒருவன்தான். உன் முகத்தைப் பார்த்தால் தைரியம் வரும் என்று திரும்பினேன். நீ குனிந்து குமிழைத் திருகிக்கொண்டிருந்தாய்.

என்னைக் காப்பாற்றவா திருகினாய்? பொய். நேற்று உன் கொழுந்தியாளிடம் பேசினேன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே, அவளிடம்தான். புது ஆலையில் மேற்பார்வையாளரிடம் சொல்லி, உன் வீட்டுக்காரிக்கென்று ஒரு இடத்தை மே கடைசி வரை பிடித்து வைத்திருந்தாளாம். எத்தனை தடவை போன் பண்ணியும், "இங்கயே திறக்கப் போறாங்களாம், இவர் சொல்றார், அக்காவே நிக்கறாங்களாம்" என்று உன் வீட்டுக்காரி வரவில்லையாம். என் பெயரைச் சொல்லி அவளை நிறுத்தி வைத்திருக்கிறாய்!

அன்றைக்கு அவள் மைதானத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் "ஆலை திறக்காது" என்றதும் உனக்குப் பயம் வந்தது எனக்காக இல்லை. அவள் கேட்டுவிட்டால் மறுநாள் பெட்டியைக் கட்டிவிடுவாள். ஒன்று, நீயும் கூடப் போக வேண்டும். இல்லை, தனியாகக் கிடக்க வேண்டும். உன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு குடியிருப்பையே செவிடாக்கினாய். அப்புறம் என் கண்ணாடி மேல் பழி.

இப்போது நான் செய்யப்போவதைக் கேள். வருகிற சனிக்கிழமை மாலை, ஆலை வாசலில் கூட்டம். அங்கே சொல்லப்போகிறேன். சொன்னால் கட்சியை விட்டுப் போக வேண்டியதுதான் என்று செயலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்தப் புது ஆலைக்காரரிடமும் போய்ப் பேசினேன். மழைக்காலத்துக்கு அப்புறம் இன்னொரு முறை ஆள் எடுப்பார்களாம், அதற்கு இப்போதே பெயர் கொடுக்க வேண்டும். இதையும் வாசலில் சொல்வேன். அந்தத் தடவையும் இவர்கள் தவறவிட்டால் அதற்கு நான் காரணமாக இருக்கமாட்டேன்.

சனிக்கிழமைக்குள் உன் வீட்டுக்காரியிடம் நீயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் ஊரோடு ஊராக நின்று என் வாயால் கேட்பாள். அப்போது உன் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குக் கவலையில்லை.

செட் அனுப்பினால் அனுப்பு. இல்லாவிட்டால் கத்திக்கொள்கிறேன்.

அக்கா


ஜூன் 28

அக்கா,

சொல்லிவிட்டேன். திருப்தியா?

உன் கடிதம் வந்த அன்றைக்கு மதியம் சொன்னேன். அவள் அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆலை திறக்காது. உள்ள ஒண்ணுமே இல்ல, நான் பாத்தேன்" என்றேன். கையில் இருந்த தட்டைக் கீழே போடுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தட்டைத் துடைத்து முடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

யார் சொன்னது என்றேன், உன்மேல்தான் சந்தேகம். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கும் அதில் பங்கு இருக்கிறது.

"உங்க அக்காதான் சொன்னாங்க. மைதானத்துல. நான் மொதல் வரிசையிலதானே உக்காந்திருந்தேன். மொதல் வரிசைக்கு மைக் எதுக்கு? ஆலை திறக்காதுன்னாங்க, நல்லாவே கேட்டுச்சு. எனக்கு மட்டும் இல்ல, பக்கத்துல இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு. பாட்டு வந்துச்சு. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அப்புறம் கை தட்டினோம்."

"கேட்டுட்டு ஏன் தட்டினீங்க?" என்றேன்.

"பாட்டு வந்துச்சே. கேக்கலன்னு வச்சுக்கலாம்னு எல்லாருக்கும் தோணிருச்சு. வீட்டுக்கு நடந்து வர்றப்பகூட யாரும் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பின்னாடி உக்காந்திருந்தவங்க 'என்ன சொன்னாங்க'ன்னு கேட்டாங்க. 'கரண்ட் போயிருச்சு'ன்னு சொல்லிட்டோம்."

என் பொய்யை எனக்கு முன்னாலேயே அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் அக்கா.

"அப்ப ஏன் போகல? உன் தங்கச்சி இடம் பிடிச்சு வச்சிருந்தாளே" என்றேன். அவள் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க வந்து சொல்வீங்கன்னு காத்துட்டு இருந்தேன். மே மாசம் முடியற வரைக்கும் தினமும் காத்துட்டு இருந்தேன். அப்புறம் உங்க அக்காகிட்டப் போய்க் கேட்டுப் பாத்தேன், குடும்பத்துல ஒருத்தராவது சொல்வாங்களான்னு. 'பேசிட்டு இருக்கோம்'னாங்க."

நேற்றுக் காலை பஸ்ஸில் போய்விட்டாள். ஆள் எடுப்பது முடிந்துவிட்டது என்று உனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும். "எடுத்தா எடுக்கட்டும். இல்லன்னா அங்க கேன்டீன்ல காய் நறுக்கறேன். இங்க உக்காந்து சங்கு ஊதுமான்னு காதத் தீட்டிட்டு இருக்க முடியாது." நானும் வரட்டுமா என்றேன். அவள் சிரித்தாள். "அங்க யாருக்கும் உங்களத் தெரியாது. யார் சத்தத்தக் குறைப்பீங்க?"

இதெல்லாம் உன்னால் வந்தது. நீ தேர்தலில் நிற்கவில்லை என்றால் நான் அவளிடம் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். உன் மூஞ்சியில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை. நாளைக்கு வரமாட்டேன்.

செட் வரும். வயர் இழுக்கிற பெரியவர் இந்தக் கடிதத்தோடு கொண்டுவருவார், அவரே பார்த்துக்கொள்வார். சத்தத்தை முழுதாக வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் இருந்த பெரிய குமிழைப் பிடுங்கிவிட்டேன். இந்த உறையில் கனமாக இருப்பது அதுதான். மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் போகாதே, விசில் அடிக்கும். அடித்தால் அடிக்கட்டும். நீ கண்ணாடியைக் கழற்றினாலும் சரி, தரையில் விழுந்து புரண்டாலும் சரி, அது குறையாது.

முதல் வரிசையைப் பார்த்துப் பேசாதே. அவர்களுக்குத் தெரியும். பின்வரிசையைப் பார்த்துப் பேசு.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

உன் வீட்டுக்காரி கேட்ட அன்று நான் சொன்ன பதிலை நினைத்து மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பதில் வராது என்று தெரியும்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள்.

நல்ல கூட்டம். ஆலைக் கதவு திறக்கிற நாள் இதுதான் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், குளித்து, நல்ல உடை உடுத்தி வந்திருந்தார்கள். செயலாளர் வரவில்லை. நான் ஏறியதும் சொல்லிவிட்டேன், பின்வரிசையைப் பார்த்து. "ஆலை திறக்காது. உள்ள இயந்திரம் இல்ல. நான் பாத்துட்டு வந்துதான் உங்ககிட்ட ஓட்டுக் கேட்டேன்." நீ சொன்ன மாதிரியே முதலில் இருமல். அப்புறம் நாற்காலி. உன் காது நல்ல காதுதான்.

முதல் வரிசை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து, "அதான் தெரியுமே, இப்ப எதுக்கு?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். இந்தச் சத்தத்தில் மைக் அதையும் பிடித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று முன்னால் இருந்தவர்களைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அப்புறம் மலைக்கு அந்தப் பக்கத்து ஆலையைப் பற்றிச் சொன்னேன். எங்கே பெயர் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு செருப்பு வந்தது, என்மேல் படவில்லை. "உன் சம்பளத்தக் குடு!" என்று ஒருத்தர் கத்தினார். ஓட்டுக் கேட்டுப் போனபோது என் கன்னத்தைத் தொட்டாரே ஒரு பெரியம்மா, அவர் காதைப் பொத்திக்கொண்டு செட் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் போய், "ஐயா, கொஞ்சம் குறைங்களேன், ஒரு பாட்டாவது போடுங்களேன்" என்று கெஞ்சினார். சுற்றி இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "பாட்டப் போடுங்கய்யா! பாட்டப் போடுங்க!"

பெரியவர் பயந்துபோய் ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துத் தடவினார். குமிழ் இருந்த இடத்தில் ஒரு கம்பிதான் இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

குமிழ் என் கைப்பைக்குள் இருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசினேன்.

அக்கா